எந்த அறையில் நின்றார் கிளெம் ஓஸ்டாஃப்?

மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை ஓடோ அவர்களே, நீரிழிவு நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கத் தலைவி கார்லா நுஸ்பாம் அவர்களே, எங்கள் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிளெமின் மனைவி மார்லிஸ், மகள் கிரெட்டா, காலையிலிருந்து சமையலறையில் ஹாம் ரொட்டியும் உருளைக்கிழங்கு சாலட்டும் அடுக்கி அலுத்துப்போன ஆலயத்துப் பெண்களே, பனி உருகிய சேற்றை மிதித்துக்கொண்டு இந்தக் கீழ்த்தளக் கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் விஸ்கான்சின் பெருமக்களே! லூத்தரன்காரியான என்னையும் ஒரு கத்தோலிக்க மேடையில் ஏற்றிவிட்ட உங்கள் அனைவருக்கும் இந்த வெர்னா ஹால்வர்சனின் கலங்கிய வணக்கம்.

எங்கள் ஆய்வகக் கண்காணிப்பாளர், கறார்ப் பேர்வழி, ஒப்பற்ற மனிதர் கிளெமென்ஸ் ஓஸ்டாஃப் மறைந்து இன்றோடு பத்து நாளாகிறது. ஐம்பத்து மூன்று வயது. காலை உணவு மேஜையில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிய கத்தி கையில் இருக்க, இதயம் நின்றுபோனது. அவரைப் பற்றிப் பேச மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். எனக்கு முன் பேசிய இருவரையும் கேட்டபின், அந்த மூன்று பக்கத்தையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

அருட்தந்தை என்ன சொன்னார்? கிளெம் உயிரின் காவலர் என்றார். ஒவ்வொரு ஜனவரியிலும் கருக்கொலைக்கு எதிரான ஊர்வலத்துக்கு வாஷிங்டன் போகும் பேருந்தில் முதல் ஆளாக ஏறியவர் என்றார். உண்மை! கார்லா என்ன சொன்னார்? கிளெம் ஆராய்ச்சியின் போர்வீரர் என்றார். கார்லாவின் மகனையும், இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டே வளரும் இன்னும் நான்கு குழந்தைகளையும் தன் வண்டியில் ஏற்றி, ஆராய்ச்சிக்காகப் பேச, பனிப்புயலில் சட்டமன்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போனவர் என்றார். அதுவும் உண்மை! இருவர் கண்ணிலும் வந்தது நிஜக் கண்ணீர். அப்படியானால் சொல்லுங்கள், ஒரே பெட்டியில் இரண்டு பேரையா புதைத்தோம்?

எனக்குத் தெரியவில்லை, நண்பர்களே. அறுபத்தாறு வயதில், இத்தனை பேர் முன்னால், ஒரு விஞ்ஞானி இதைச் சொல்வது அழகல்ல. இருந்தாலும் சொல்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

கிளெமின் வேலை என்னவென்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. கருத்தரிப்பு நிலையங்களில் மிஞ்சிப்போகும் கருக்களிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து வளர்ப்பது எங்கள் ஆய்வகம். அந்தச் செல்லை இன்சுலின் சுரக்கும் செல்லாக மாற்றினால் கார்லாவின் மகனுக்கு ஒரு நாள் ஊசியே வேண்டாம் என்பது நம்பிக்கை. ஒரு கரு, பொடி உப்பின் துகளைவிடச் சிறியது. செல்லை எடுத்தால் அந்தக் கரு இல்லாமல் போகும். சண்டையெல்லாம் அதில்தான். இரண்டாயிரத்து ஒன்று ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அன்றைய அதிபர் ஒரு கோடு கிழித்தார். அந்தத் தேதிக்கு முன்பே எடுத்துவிட்ட செல்களுக்கு மட்டும்தான் அரசு பணம் தரும். பிறகு எடுத்தவற்றுக்குத் தராது. பணம் மட்டுமா? அரசுப் பணத்தில் வாங்கிய மைக்ராஸ்கோப், குளிர்பெட்டி, கையுறை, எதுவும் அந்தப் புதிய செல்களைத் தொடக் கூடாது. தொட்டால் பல்கலைக்கழகத்துக்கு வரும் அரசுப் பணம் மொத்தத்துக்கும் ஆபத்து.

ஆகவே ஒரு ஆய்வகம் இரண்டு அறையானது. பச்சை அறை, அரசுப் பணத்தில். ஆரஞ்சு அறை, தனியார் தந்த பணத்தில். ஒவ்வொரு பொருளின் மேலும் ஒரு பொட்டு ஒட்டினார் கிளெம். பச்சைப் பொட்டு, ஆரஞ்சுப் பொட்டு. மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு! தொலைபேசிக்குப் பொட்டு! பேனாவுக்குப் பொட்டு! காப்பிப் பாத்திரத்துக்கும் ஒட்டினார், ஐயா! எங்கள் துறைத் தலைவர் சிரிக்கிறார். அவர் மூக்குக்கண்ணாடிக்கும் ஒரு நாள் ஒட்டப் பார்த்தது அவருக்கு நினைவிருக்கும்.

ஒருமுறை பாஸ்டனிலிருந்து பெரிய விஞ்ஞானி ஒருவர் வந்தார். ஆரஞ்சு அறையில் உட்கார்ந்து, ஆரஞ்சு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். கிளெம் பின்னால் போய் நின்றார்.

"சார், எழுந்திருங்க."

"ஏன்? என்ன ஆச்சு?"

"மைக்ராஸ்கோப் சரி. நாற்காலி பச்சை. யாரோ அந்தப் பக்கத்துலேர்ந்து இழுத்துட்டு வந்துட்டாங்க."

"அப்போ நின்னுகிட்டா பாக்கச் சொல்றீங்க?"

"முட்டி போட்டும் பாக்கலாம். இது கத்தோலிக்க ஊருதான், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

அந்தப் பெரிய மனிதர் முட்டி போட்டுத்தான் பார்த்தார். கிளெம் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அதன் அறையில் வைத்துவிட்டு, என்றைக்கு, எவ்வளவு நேரம் அது இந்தப் பக்கம் இருந்தது என்று எழுதி வைத்தார்.

நாங்கள் என்ன நினைத்தோம்? இவர் ஆலயத்து ஆள், ஆராய்ச்சி பிடிக்காத ஆள், அதனால்தான் இப்படிக் கழுத்தை அறுக்கிறார் என்று நினைத்தோம். நான் நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

பிறகு வந்தது இரண்டாயிரத்து ஐந்து பிப்ரவரி. வெளியே எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைகிற காலை. ஏழு மணிக்கு நான் போனபோது ஆரஞ்சு அறையில் செல்களைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டி, இன்குபேட்டர், செத்துக் கிடந்தது. உள்ளே ஆறு குப்பிகள். ஒரு வருட உழைப்பு, புதிய செல்கள், உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. சூடு இறங்கிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன்? ஆறையும் எடுத்துக்கொண்டு பச்சை அறைக்கு ஓடி, பச்சை இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். நாற்பது நிமிடம் கழித்துக் கிளெம் வந்தார், கையில் பட்டியலோடு.

"டாக்டர், இந்த ஆறும் இங்க என்ன பண்ணுது?"

"உயிரோட இருக்கு, கிளெம். அதத்தான் பண்ணுது."

"இது பச்சைப் பெட்டி."

"அந்தப் பக்கத்துப் பெட்டி போயிடுச்சு. ரிப்பேர் பாக்கறவன் பத்தரைக்குத்தான் வருவானாம். வெளிய எடுத்தா எல்லாம் செத்துடும்."

"எடுங்க."

"மனுஷனா நீ?"

"மனுஷன்தான். அதான் சொல்றேன், எடுங்க. எடுத்து எங்கிட்ட குடுங்க."

எடுத்தேன். ஆத்திரத்தோடு ஆறையும் அவர் கையில் திணித்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா, பெருமக்களே? கம்பளிச் சட்டையின் பொத்தானைக் கழற்றினார். மூடியை இறுக்கிய ஆறு குப்பிகளையும் வயிற்றோடு வயிறாக உள்ளே வைத்து, சட்டையை மூடி, மேலே கோட்டையும் போட்டுக்கொண்டு, ஆரஞ்சு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார்.

"என் வயித்துல அரசாங்கம் ஒண்ணும் பொட்டு ஒட்டல, டாக்டர். இது முழுக்க மார்லிஸ் போட்ட சோத்துல வளந்தது."

ஏழே முக்காலிலிருந்து பத்தே முக்கால் வரை! மூன்று மணி நேரம்! எழவில்லை, சாயவில்லை, காப்பி குடிக்கவில்லை. இடையில் ஒரு முறை எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் சொல்கிறாரா, நிமிடத்தை எண்ணுகிறாரா? கேட்டேன். "குளிருது டாக்டர், கதவ மூடுங்க" என்றார். ஆறில் ஐந்து பிழைத்தன. அந்த ஐந்தின் வழிவந்த செல்கள் இன்றும் எங்களிடம் வளர்கின்றன.

மறுநாள் அதே கிளெம், எங்களுக்குப் பணம் தரும் வாஷிங்டன் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். டாக்டர் ஹால்வர்சன், அனுமதியில்லாத ஆறு குப்பிகளை, நாற்பது நிமிடம், அரசு இன்குபேட்டரில் வைத்தார் என்று. என்னைக் காட்டிக் கொடுத்தார்! ஐந்து மாதம் என் அரசுப் பணம் நின்றது. என்னோடு இருந்த இருவர் வேறு வேலை தேடிப் போனார்கள். அவருடைய முகத்துக்கு நேரே துரோகி என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவருக்குக் காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவர் விட்டாரா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் கதவைத் தட்டி, "மீன் சாப்பிடப் போறோம், நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டார். ஒவ்வொரு வெள்ளியும் இல்லை என்றேன். வெள்ளிக்கிழமையானால் ஊரே பொரித்த மீன் சாப்பிடும் விஸ்கான்சினில் அதை எத்தனை நாள் வேண்டாமென்று சொல்ல முடியும்? ஒரு நாள் போனேன். ஓஸ்டாஃப் தம்பதிக்கு எதிரில் உட்கார்ந்து பிராந்தியில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டேன்.

"அன்னிக்கு மூணு மணி நேரம் வயித்துல வெச்சுக் காப்பாத்தினே. அடுத்த நாளே எழுதிப் போட்டே. ஏன் கிளெம்?"

"தப்புப் பண்ணது நீங்க. எழுதினேன். அதுங்க ஒரு தப்பும் பண்ணல. காப்பாத்தினேன்."

"அதுங்கன்னா? செல்லா, புள்ளைங்களா? என்னன்னு நெனச்சு அப்படி உக்காந்திருந்தே?"

"மீனைச் சாப்பிடுங்க, டாக்டர். ஆறிடும்."

இதுதான் பதில்! இதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. சட்டமன்றக் குழுவாலும் வாங்க முடியவில்லை. மாநில அரசு இந்த ஆராய்ச்சிக்குப் பணம் தரலாமா என்று விசாரித்தபோது, கிளெமைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஓர் உறுப்பினர் மேஜையைத் தட்டி, "நீங்க ஆதரவா, எதிர்ப்பா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். கிளெம், "எந்த அறையில நிக்கறோம்னு தெரிஞ்சு நிக்கணும், அது ஒண்ணுதான் எனக்கு" என்றார். அன்று பின்வரிசையில் இருந்த ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் சேர்ந்தே அவரைத் திட்டினார்கள். கார்லா, நீங்களும் திட்டினீர்கள். பிறகு அவர் வண்டியிலேயே வீடு திரும்பினீர்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு, தான் எந்த அறையில் நின்றோம் என்று தெரிந்திருந்ததா? பத்து நாளாக என்னைக் குடைவது இந்தக் கேள்விதான்.

இந்த மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, புதிய அதிபர் பழைய தடையை நீக்கிக் கையெழுத்துப் போட்டார். ஆய்வகத்தில் கேக் வெட்டினோம். நான் அழுதேன். கிளெம் கேக்கைச் சாப்பிட்டார், ஆனால் கைதட்டவில்லை. நான் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு முதல் பச்சைப் பொட்டைச் சுரண்டப் போனபோது குறுக்கே வந்து நின்றார்.

"விதி இன்னும் வரல, டாக்டர். கையெழுத்துதான் வந்திருக்கு."

"ஏழு வருஷமாக் காத்துட்டிருக்கேன், கிளெம்!"

"இன்னும் நாலு மாசம். பிளேடை உள்ள வைங்க."

வியாழக்கிழமை அவர் இல்லை.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவதை மார்லிஸின் சம்மதத்தோடு சொல்கிறேன். கிரெட்டாவுக்கும் தெரியும். அடக்கம் முடிந்த மறுநாள் மார்லிஸ் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு மேஜையில் ஒரு காகிதக் கட்டை வைத்தார். மில்வாக்கியில் உள்ள ஒரு கருத்தரிப்பு நிலையத்தின் படிவங்கள். கிரெட்டா சோதனைக் குழாய் முறையில் பிறந்த பெண். அப்போது மிஞ்சிய நான்கு கருக்கள் பதினைந்து ஆண்டுகளாக அங்கே உறைநிலையில் இருக்கின்றன. ஒவ்வொரு மார்ச்சிலும் படிவம் வரும். மூன்று கட்டங்கள். தொடர்ந்து வைத்திருக்கவும். அழித்துவிடவும். ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும். பதினான்கு படிவங்களில் கிளெம் முதல் கட்டத்தில் மையால் குறி போட்டிருந்தார். பதினைந்தாவது, இந்த வருடத்துப் படிவம். அதில் பென்சில்! மையைத் தவிர எதையும் தொடாத மனிதர் பென்சில் எடுத்து, மூன்று கட்டங்களிலும் குறி போட்டு, மூன்றையும் அழித்திருந்தார். காகிதம் அந்த மூன்று இடத்திலும் தேய்ந்து போயிருந்தது. மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இப்போது அதில் கையெழுத்துப் போட மார்லிஸ் ஒருவர்தான் இருக்கிறார்.

"வெர்னா, எட்டு வருஷமாப் பகல் பூரா உங்க கூடத்தான் இருந்தாரு. அவருக்கு என்ன வேணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லுங்க. நான் அதையே பண்ணிடறேன்."

கணவனை இழந்த பெண் கேட்கிறாள். என் மனதில் முதலில் ஓடியது என்ன? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான்கு! இனி அரசு பணம் தரப்போவது இப்படிப்பட்ட கருக்களின் செல்களுக்குத்தான்! அதுதான் ஓடியது. அழுதுகொண்டிருந்த எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது, பெருமக்களே.

"எங்கிட்ட கேக்காத, மார்லிஸ்" என்றேன்.

"ஏன்?"

"எனக்கு வேணும்."

"என்ன வேணும்?"

"அந்த நாலும்."

மார்லிஸ் படிவங்களை அடுக்கி ஒதுக்கி வைத்தார். பிறகு, "இன்னொரு காப்பி ஊத்தட்டுமா?" என்றார். 

அருட்தந்தை அவர்களே, நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். குழந்தை பெறும் அந்த வழியையே உங்கள் திருச்சபை ஏற்பதில்லை. கிளெமுக்கு அது தெரியாதா? ஒரு ஞாயிறு விடாமல் வந்தவர், எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்தது ஏன் என்று நீங்கள் ஒரு நாளாவது கேட்டீர்களா? கார்லா அவர்களே, நீங்கள் கண்ணைத் துடைக்கிறீர்கள். உங்கள் மகனை மடியில் வைத்துக் கொஞ்சியவர், பதினைந்து ஆண்டில் அந்த நான்கில் ஒன்றைக்கூட ஆராய்ச்சிக்குக் கொடுக்கவில்லை. இவர் யாருடைய ஆள்? உங்கள் ஆளா? அருட்தந்தையின் ஆளா? என் ஆளா? நாம் மூன்று பேரும் அவரை நம் ஆள் என்று சொந்தம் கொண்டாடினோமே தவிர, அந்தப் பென்சிலைக் கையில் பிடித்திருந்தபோது அவர் தனியாகத்தானே இருந்தார்!

இன்று மதியம் இந்தக் கூடத்தின் வாசலில் மார்லிஸ் என் கையைப் பிடித்தார்.

"அனுப்பிட்டேன். வர்ற வழியில தபால் பெட்டியில போட்டுட்டேன்."

நான் வாயைத் திறந்தேன்.

"கேக்காதீங்க, வெர்னா."

"கேக்கல."

"கேக்கத்தான் வாயத் தொறந்தீங்க. யாருக்கும் சொல்றதா இல்ல. கிரெட்டாவும் நானும் சேந்து முடிவு பண்ணினோம், எங்களோட இருக்கட்டும். ஆனா மேடையில எல்லாத்தையும் சொல்லிடுங்க. பத்து நாளா ஆளாளுக்கு வந்து என் புருஷன் யாருன்னு எனக்கே சொல்லித் தர்றாங்க. இனிமே யாரும் என் மனசை மாத்த முடியாது, அதனால சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன், மார்லிஸ்.

இப்படிப்பட்ட கூட்டத்தில், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது முறை. எனக்கு முன் பேசிய இருவரும் சொன்னார்கள். நானும் சொல்ல வேண்டும். கிளெம் ஓஸ்டாஃப், உங்கள் பணியைத் தொடர்வேன். எந்தப் பணியை? எழுதிப் போட்டதையா, வயிற்றில் வைத்துக் காத்ததையா? நீங்கள் சொல்லாமல் போய்விட்டீர்களே, ஐயா!

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். கருத்தரிப்பு நிலையங்களிலிருந்து எங்களுக்குக் கரு வரும்போது கொடுத்தவர் பெயர் வராது, ஓர் எண் மட்டும்தான் வரும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பெயரைத் தேடக் கூடாது என்று எங்களை அடக்கி வைத்ததும் கிளெம்தான். மார்லிஸ் எந்தக் கட்டத்தில் குறி போட்டார் என்று எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. அந்த நான்கும் எங்களிடம் வராமலே போகலாம். வந்து, என் கைக்குக் கீழேயே இருக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் நான் இனி வேலை செய்தாக வேண்டும்.

தேடமாட்டேன், கிளெம். இத்தனை பேர் சாட்சியாகச் சொல்கிறேன், தேடமாட்டேன். விட்டுவிடவும் மாட்டேன், ஏனென்றால் கார்லாவின் மகன் இன்று காலையும் ஊசி போட்டுக்கொண்டுதான் இங்கே வந்திருக்கிறான். நாளை திங்கட்கிழமை, எட்டு மணிக்கு ஆய்வகம் திறக்கிறது. செல்கள் வளரும் முதல் தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துவிட்டு, தொடுவதற்கு முன் ஒரு நிமிடம் கையை நிறுத்தி, இது யாருடையது என்று என்னையே கேட்கப்போகிறேன். பத்து வருடமாக இந்த வேலையைச் செய்கிற நான் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி அது.